கழித்துக்கட்டிய ராணுவ ஜெனரேட்டர்: 003ஏ-வா, 803ஏ-வா, அதற்கும் பெரியதா?

2024 ஜூலையில் பெரில் புயல் கரையேறியபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. 2021 பிப்ரவரி உறைபனியில் ஏற்கெனவே ஒருமுறை நடுங்கிய டெக்சாஸ்காரர்கள் பலர் அந்த வாரமே ஜெனரேட்டர் தேடத் தொடங்கினார்கள். நிமிடத்துக்கு 1800 சுற்றில் நிதானமாக ஓடும் டீசல் செட்டைக் கடையில் புதிதாக வாங்கினால் கை கடிக்கும். அமெரிக்க ராணுவம் கழித்துவிடுகிற செட்டுகளோ ஏலத்தில் அதில் ஒரு பங்கு விலைக்கே போகின்றன. 1990-களிலிருந்து ஓடிய அமைதி ரகச் செட்டுகளின் இடத்தில் கம்மின்ஸ் தயாரிக்கும் ஆம்ப்ஸ் (AMMPS) என்ற புதிய ஜெனரேட்டர் வரிசை வந்துவிட்டதால், பழையவை கூட்டம் கூட்டமாக வெளியே வருகின்றன. அவற்றில் எதைத் தூக்குவது என்பதுதான் இங்கே பேச்சு. வீடு, சிறு பண்ணை, பட்டறை ஆகியவற்றின் காத்திருப்பு மின்சாரத்துக்கு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்க வீடு ஒன்று ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 10,500 யூனிட் செலவழிக்கிறது. 8,760 மணி நேரத்தால் வகுத்தால் 1.2 கிலோவாட். ஏசி கிளம்பும் நொடியில் தேவை பத்தைத் தாண்டலாம். நள்ளிரவில் ஃபிரிட்ஜும் நாலு விளக்கும் மட்டும் ஓடும்போது அரைக் கிலோவாட்டுக்கு வந்துவிடும். ஜெனரேட்டர் வாங்குகிற எல்லோரும் அந்த உச்ச நொடியைப் பார்த்தே வாங்குகிறார்கள். டீசல் இன்ஜின் கெடுவது மற்ற 23 மணி நேரத்தில்.

ஏன் கெடுகிறது? லோடு குறைந்தால் சிலிண்டர் சூடேறாது. சூடேறாத சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாமல் பாதி புகையாகவும் பாதி பிசினாகவும் போகும். சைலன்சர் வாயில் கறுப்புக் கோந்து மாதிரி வழிவதைப் பார்த்தால் அதுதான். வெட் ஸ்டாக்கிங் என்பார்கள். ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும், லைனர் கண்ணாடி போல வழுவழுப்பாகும், ஆயிலில் டீசல் இறங்கும். லோடு 30 சதவீதத்துக்குக் கீழே மணிக்கணக்காக நின்றால் இது நடந்தே தீரும். அதனால் பெரிய செட் வாங்கி வைத்தால் நிம்மதி என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

ஏல மேடையில் நிற்பவை

எல்லாவற்றுக்கும் எம்இபி என்று தொடங்கும் எண் உண்டு. வீட்டுக்காரர் கண்ணில் படுபவை ஏழெட்டுதான்.

எம்இபி-002ஏ 5 கிலோவாட், 003ஏ 10 கிலோவாட். இரண்டும் ஓனான் டிசைனில் வந்த காற்றால் குளிரும் டீசல்கள். முன்னதில் இரண்டு சிலிண்டர், பின்னதில் நாலு. மூடிய கூடு கிடையாது, எல்லாம் வெளியே தெரியும். கழற்றிப் பூட்டத் தெரிந்தவருக்கு அதுவே வசதி. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவே தலைவலி.

802ஏ 5 கிலோவாட், 803ஏ 10 கிலோவாட். இவை லிஸ்டர்-பெட்டர் இன்ஜினில் ஓடும், தண்ணீரால் குளிரும் அமைதி ரகம். 802ஏ-வில் எல்பிடபிள்யூ2, 803ஏ-வில் எல்பிடபிள்யூ4. போர் 86, ஸ்ட்ரோக் 80 மில்லிமீட்டர், நாலு சிலிண்டரில் 1.86 லிட்டர். 7 மீட்டர் தள்ளி நின்றால் சத்தம் 70 டெசிபல் அளவு, குரலை உயர்த்தாமல் பேசலாம்.

அதற்கு மேல் 804ஏ (15 கிலோவாட், இசுசு சி-240), 805ஏ (30 கிலோவாட், ஜான் டியர் 4039 டர்போ), 806ஏ (60 கிலோவாட், ஆறு சிலிண்டர் ஜான் டியர்). கடைக்குட்டி 831ஏ, 3 கிலோவாட், ஒற்றைச் சிலிண்டர் யான்மார்.

இன்னொரு கூட்டமும் உண்டு. அதை வாங்கிவிட்டு அழுதவர்கள் நிறைய. 112ஏ, 812ஏ, 813ஏ, 814ஏ, 815ஏ, 816ஏ எல்லாம் 400 ஹெர்ட்ஸ் செட்டுகள். ஏவுகணை, ரேடார், விமானக் கருவிகளுக்கு என்று செய்தவை. படத்தில் 803ஏ-வும் 813ஏ-வும் ஒரே முகஜாடை. விலை மட்டும் சந்தேகப்படும்படி குறைவாக இருக்கும். 400 ஹெர்ட்ஸில் ஃபிரிட்ஜ் கம்ப்ரசரும் ஏசி மோட்டாரும் ஓடாது. இன்ஜின் வேகத்தைப் பிடிக்கும் கவர்னரை இறக்கி 60-க்குக் கொண்டுவரவும் வழியில்லை, சுருள் அப்படிச் சுற்றப்படவில்லை. டேட்டா பிளேட்டில் ஹெர்ட்ஸ் தெரியும்படி படம் இல்லாத செட்டுக்கு விலை கேட்கவே வேண்டாம்.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: 802ஏ, 803ஏ இரண்டும் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே. 804ஏ முதல் 806ஏ வரை 50 ஹெர்ட்ஸுக்கும் மாற்றலாம். ஆனால் கப்பல் கூலி, சுங்கம், உதிரிபாகம் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் ஊரில் கிர்லோஸ்கர் ஒன்று வாங்குவதே லாபம்.

003ஏ: மலிவு, ஆனால் கை அழுக்காகும்

003ஏ-வின் பலம் அதன் எளிமை. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை, கூலண்ட் ஒழுக்கு இல்லை. ஷீட் மெட்டலைக் கழற்றினால் வால்வும் இன்ஜெக்டரும் எதிரே நிற்கும்.

பலவீனம் மூன்று இடத்தில். முதலாவது இன்ஜெக்ஷன் பம்ப். வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த செட்டில் பழைய டீசல் பிசினாகிப் பம்புக்குள் அளவு பிரிக்கும் பாகம் இறுகிவிடும். செல்ஃப் சுற்றும், டீசல் பம்ப் வரை வரும், இன்ஜெக்டருக்குப் போகாது. இந்தப் பம்பைச் சரிசெய்யத் தெரிந்த டீசல் பம்ப் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன, கூலி செட்டின் விலையில் கால்வாசியைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. வாங்கும்போது இதற்கென்று பணம் ஒதுக்காதவர் 003ஏ பக்கம் போகக்கூடாது.

இரண்டாவது டே டேங்க் என்ற சின்ன இடைத் தொட்டி. மின்சாரப் பம்புகள் பெரிய டேங்கிலிருந்து இதில் நிரப்பும், மிதவை சுவிட்ச் போதும் என்று நிறுத்தும். மிதவை சிக்கினால் டீசல் நிற்கும். பம்பின் 24 வோல்ட் வயர் முனை பச்சை பூத்தாலும் நிற்கும். பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணறி நிற்கிற 003ஏ-வில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பலர் இதைக் கவனிக்காமல் இன்ஜெக்டரைக் கழற்றிவிடுகிறார்கள்.

மூன்றாவது எலி. காற்றுக் குளிர்ச்சி இன்ஜினில் சிலிண்டரைச் சுற்றிய தகட்டுக் கூடு எலிக்கு மாளிகை மாதிரி. கூலிங் ஃபின்னுக்கு இடையில் வைக்கோலும் பஞ்சும் அடைத்திருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்து லோடு கொடுத்தால் அரை மணியில் ஹெட் வெந்துவிடும். தகடு முழுவதையும் கழற்றி, காற்றடித்து, பிறகுதான் முதல் ஸ்டார்ட். ஓனானில் வால்வு இடைவெளியையும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கையேட்டின் அளவுக்கு வைக்க வேண்டும். இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் கிடையாது.

அக்கம்பக்கம் இல்லாத பண்ணைக்கு, ஸ்பேனர் பிடிக்கப் பிரியப்படுபவருக்கு, 003ஏ நல்ல பேரம். நெருக்கமான குடியிருப்பில் வேண்டாம்.

803ஏ: பெரும்பாலானோருக்கு இதுவே

803ஏ-வின் 10 கிலோவாட் என்பது 0.8 பவர் ஃபேக்டரில் சொன்ன கணக்கு, அதாவது 12.5 கேவிஏ. 120/240 வோல்ட் ஒற்றை ஃபேஸில் 52 ஆம்பியர். கடையில் விற்கும் பெட்ரோல் செட்டுகளில் ஒட்டியிருக்கும் எண் மாதிரி ஊதிப் பெருக்கியது அல்ல. நாள் முழுக்கக் கொடுக்கும் அளவு. முழு லோடில் மணிக்குச் சுமார் 3.7 லிட்டர் டீசல். 9 கேலன் டேங்க் ஒன்பது மணி நேரம் தாங்கும். எடை ஏறக்குறைய 535 கிலோ, அதனால் ஏலக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஏற்றிவிடும், வீட்டில் இறக்க என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்.

802ஏ இதன் பாதி: மணிக்கு 2.2 லிட்டர், சுமார் 400 கிலோ. மத்திய ஏசி இல்லாத வீட்டுக்கு 802ஏ-தான் சரியான அளவு என்பது எங்கள் கருத்து. 1.2 கிலோவாட் சராசரியை வைத்துப் பாருங்கள். 803ஏ-வுக்கு அது 12 சதவீதம், 802ஏ-வுக்கு 24. இரண்டுமே குறைவுதான், ஆனால் இரண்டாவதில் ஃபிரிட்ஜோடு ஒரு ஜன்னல் ஏசியைச் சேர்த்தாலே பாதி லோடு வந்துவிடும். 803ஏ-வை நியாயப்படுத்துவது மத்திய ஏசி, கிணற்றுப் பம்ப், வெல்டிங் மாதிரி கிளம்பும்போது இழுக்கிற லோடுகள். அங்கேயும் ஏசி கம்ப்ரசருக்கு சாஃப்ட் ஸ்டார்டர் போட்டுவிட்டால் முதல் நொடி இழுப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

இனி, 803ஏ-வில் என்ன கெடும் என்பது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாங்கும் முடிவே இதில்தான் இருக்கிறது.

எல்பிடபிள்யூ இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்ஷன் பம்ப். அவற்றையெல்லாம் ரேக் என்ற ஒரே தண்டு இணைக்கிறது. கவர்னர் அந்த ரேக்கைத் தள்ளியும் இழுத்தும் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. செட் ஐந்தாறு வருடம் ஓடாமல் கிடந்தால் ஒரு பம்பாவது இறுகிவிடும், அதோடு சேர்ந்து ரேக்கும் இறுகும். டீசல் நிறுத்தும் நிலையில் இறுகினால் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். டீசல் திறந்த நிலையில் இறுகியிருந்தால் ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து இன்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும். ரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது பிசின், அதனால் சுவிட்சை அணைத்தாலும் நிற்காது.

அதனால் வாங்கிவந்த 803ஏ-வின் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் பேட்டரியை இணைக்காமலேயே ரேக்கைப் பாருங்கள். விரலால் தள்ளினால் எண்ணெய் தடவிய தாழ்ப்பாள் போல நழுவ வேண்டும், விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். நகரவில்லை என்றால் பம்புகளைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். டீசலில் ஆட்டோ டிரான்ஸ்மிஷன் ஆயிலைச் சரிபாதி கலந்து பம்புக்குள் விட்டாலும் பிசின் இளகும். சுத்தியலைக் கையில் எடுக்காதீர்கள். பம்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் ஷிம் தகட்டை அந்தந்தப் பம்போடு சேர்த்துக் கட்டி, எத்தனையாவது சிலிண்டர் என்று எழுதி வையுங்கள். ஷிம் மாறினால் டைமிங் மாறும், பிறகு புகையும் தட்டலும் எங்கிருந்து வருகிறது என்று தேடியே மாதம் போய்விடும்.

முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்றுக் குழாயின் வாயை முழுதாக மூடும் அளவு பிளைவுட் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இன்ஜின் கட்டுமீறினால் அதை வாயில் அழுத்தினால் காற்றில்லாமல் நின்றுவிடும். உள்ளங்கையால் மூட நினைக்காதீர்கள். உறிஞ்சும் விசை கையைக் கிழிக்கும். துணியும் உள்ளே போய்விடும்.

மற்ற கோளாறுகள் இவ்வளவு பயமுறுத்தாது.

செல்ஃபே சுற்றவில்லையா? இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடரில் 24 வோல்ட். ஓய்வில் 25 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஸ்டார்ட் கொடுக்கும்போது 18-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ முனையோதான். இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்று 12.6, மற்றது 11.2 என்று வந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். யாரோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் விளக்குக்கு வயர் இழுத்திருப்பார்கள். இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். பேட்டரி நன்றாக இருந்தால் அவசர நிறுத்தப் பொத்தான் அமுங்கியிருக்கிறதா, கட்டுப்பாட்டுப் பலகையின் டிசி பிரேக்கர் வெளியே துருத்தியிருக்கிறதா, டெட் கிராங்க் சுவிட்ச் நார்மலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது இன்ஜினைப் பற்றவைக்காமல் சும்மா சுற்றிப் பார்க்க வைத்த சுவிட்ச். யாராவது திருப்பிவிட்டு மறந்திருப்பார்கள்.

சுற்றுகிறது, பற்றவில்லை என்றால் காதைக் கொடுங்கள். மாஸ்டர் சுவிட்சை பிரைம் அண்ட் ரன் நிலையில் வைத்தால் மின்சார டீசல் பம்ப் டக்டக்கென்று அடிக்க வேண்டும். சத்தம் இல்லையா, பம்பின் இரு முனையில் 24 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் அடிக்கவில்லை என்றால் பம்ப் போயிற்று. அடித்தும் டீசல் வரவில்லை என்றால் ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தங்கினால், அல்லது கறுப்புச் சளி மிதந்தால், டேங்கைக் கழற்றிக் கழுவாமல் மேலே போகாதீர்கள். ஃபில்டரை மட்டும் மாற்றினால் ஒரு மணி நேரத்தில் மறுபடி அடைக்கும். டேங்க் சுத்தமென்றால் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, டீசல் குமிழியில்லாமல் வரும்வரை செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். அந்த நேரத்தில் விரலை அருகே கொண்டுபோகக்கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பற்றுகிறது, சுவிட்சை விட்டதும் நிற்கிறது. இதற்குக் கோளாறு விளக்குப் பலகையைப் பாருங்கள். ஆயில் அழுத்தம், சூடு, எரிபொருள் என்று எது எரிகிறதோ அந்த சென்சார்தான் சந்தேகம். டீசல் நிறைய இருந்தும் எரிபொருள் விளக்கு எரிந்தால் டேங்குக்குள் மிதவை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் கையளவு மீட்டர் ஒன்றை அந்தத் துளையில் பூட்டி உண்மையான அழுத்தத்தைப் பாருங்கள்.

இந்த இடத்தில் பலகையில் மூடிபோட்ட சுவிட்ச் ஒன்று கண்ணை உறுத்தும், பேட்டில் ஷார்ட் என்று பெயர். அதிவேகம், ஷார்ட் சர்க்யூட் இரண்டைத் தவிர மற்ற எல்லாப் பாதுகாப்பையும் அது அணைத்துவிடும். சண்டை நடுவில் இன்ஜின் செத்தாலும் பரவாயில்லை, ரேடியோ அணையக்கூடாது என்ற நிலைக்காக வைத்தது. வீட்டில் அதைப் போட்டு ஓட்டுகிறவர் ஆயில் இல்லாத இன்ஜினை ஓட்டுகிறவர்.

இன்ஜின் அழகாக ஓடுகிறது, வோல்ட் மட்டும் வரவில்லை. நீண்ட நாள் கிடந்ததில் ரோட்டரின் மிச்சக் காந்தம் போயிருக்கும். சுவிட்ச் ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது பேட்டரியிலிருந்து எக்சைட்டருக்கு (ரோட்டரைக் காந்தமாக்கும் பகுதி) ஒரு துளி மின்சாரம் போகும்படிதான் இதை அமைத்திருக்கிறார்கள். எனவே இன்ஜின் பற்றிய உடனே கையை எடுக்காமல் வோல்ட் மீட்டர் முள் எழும்வரை இரண்டு மூன்று நொடி பிடித்திருங்கள். அப்படியும் எழவில்லை என்றால் வோல்ட் சரிசெய்யும் குமிழை இரு கோடிக்கும் பத்துத் தடவை திருப்புங்கள், உள்ளே துருப்பிடித்த தடம் சுத்தமாகும். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பேர் ஏவிஆரையும் (வோல்ட்டைத் தானாகச் சீராக வைக்கும் பெட்டி) எக்சைட்டர் டயோடுகளையும் அளக்க வேண்டும்.

ஹெர்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 803ஏ-வில் இருப்பது மெக்கானிக்கல் கவர்னர், லோடு ஏறும்போது சுமார் 3 சதவீதம் வேகம் இறங்குவது இயல்பு. லோடு இல்லாமல் 61.5 முதல் 62-க்குள் வைத்தால் முழு லோடில் 60-ஐ ஒட்டி நிற்கும். காலியாக ஓடும்போது சரியாக 60 வைத்துவிட்டு, லோடு போட்டதும் யுபிஎஸ் கத்துகிறது என்று ஏவிஆரை மாற்றக்கூடாது.

804ஏ, 805ஏ: லோடு இருந்தால் மட்டும்

804ஏ-வைப் பலர் கவனிப்பதில்லை. இசுசு சி-240 என்பது ஃபோர்க்லிஃப்ட் இன்ஜின். ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட், தண்ணீர் பம்ப் எல்லாம் ஃபோர்க்லிஃப்ட் கடையில் மலிவாகக் கிடைக்கும். லிஸ்டர்-பெட்டர் பாகத்துக்கு அமெரிக்காவில் அலைய வேண்டியிருக்கும் நிலையோடு இதை ஒப்பிட்டால் பெரிய வசதி. இரண்டு ஏசியோ பட்டறை கம்ப்ரசரோ உள்ள இடத்துக்கு 15 கிலோவாட் பொருந்தும். எடை மட்டும் ஒரு டன்னை நெருங்கும்.

805ஏ-வின் ஜான் டியர் இன்ஜின் இன்னும் சுலபம், டிராக்டர் கடையிலேயே பாகம் வாங்கலாம். மின்னணுக் கவர்னர், 60 ஹெர்ட்ஸை அசையாமல் பிடிக்கும். ஏலத்தில் விலையும் சில வேளை 803ஏ-வைவிடக் குறைவாகவே போகும், ஏனென்றால் 1,350 கிலோவைத் தூக்க எல்லோராலும் முடியாது. இந்த விலையைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். 30 கிலோவாட் இன்ஜினை 1 கிலோவாட் லோடில் மூன்று நாள் ஓட்டினால் சைலன்சர் அழுதுகொண்டிருக்கும். தானிய உலர்த்தி, பால் பண்ணை, பெரிய கிணற்றுப் பம்ப் என்று 10, 12 கிலோவாட்டாவது நின்று இழுக்கிற லோடு உங்களிடம் இல்லை என்றால் 805ஏ எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

831ஏ-வைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இன்ஜின் நல்லது, இரண்டு பேர் சேர்ந்து வண்டியில் தள்ளும் எடைதான். ஆனால் நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டரிலிருந்து வருவதை இன்வெர்ட்டர்தான் 60 ஹெர்ட்ஸாக மாற்றுகிறது. அந்தப் பெட்டி போனால் பெட்டியைத் தேட வேண்டும், அதைச் செப்பனிட ஆள் அரிது. லோடு போட்டுக் காட்டிய பிறகு மட்டும் வாங்குங்கள்.

ஏலத்தில் எதைப் பார்ப்பது

மணி மீட்டரை நம்பி விலை சொல்லாதீர்கள். ராணுவப் பட்டறையில் பிரித்துச் சீர்செய்து ரீசெட் தகடு ஒட்டிய செட்டில் மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். வெறும் மீட்டர் மட்டும் மாற்றிய செட்டிலும் அப்படியே இருக்கும். வித்தியாசம் சொல்வது தகடும் அதிலுள்ள தேதியும். படத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவு திறந்திருந்தால் உள்ளே ரிலே, ஏவிஆர் இருக்கிறதா, இல்லை வயர் முனைகள் தொங்குகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வேறு செட்டுக்குப் பாகம் பிடுங்கிவிட்டு மிச்சத்தை ஏலத்தில் விடுவது சகஜம். ரேடியேட்டர் மூடியில்லாமல் மழையில் நின்றிருந்தால் ஒதுக்குங்கள்.

கையேடுகள் இணையத்தில் இலவசம். 802ஏ-வுக்கு டிஎம் 9-6115-641, 803ஏ-வுக்கு 642, 804ஏ-வுக்கு 643, 805ஏ-வுக்கு 644. பழைய 003ஏ-வுக்கு டிஎம் 5-6115-585. வாங்குவதற்கு முன்பே வயரிங் படத்தை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏலப் படங்களோடு ஒப்பிட உதவும்.

வீட்டோடு இணைப்பது

மின்வாரியக் கம்பியோடு ஒருபோதும் சேராதபடி டிரான்ஸ்ஃபர் சுவிட்சோ இன்டர்லாக்கோ கட்டாயம். உங்கள் ஜெனரேட்டர் கொடுக்கும் 240 வோல்ட் தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் திரும்பி ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனைக் கொல்லும்.

செட்டின் வோல்ட் தேர்வு சுவிட்சை 120/240 ஒற்றை ஃபேஸில் வைத்து, இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டுமே திருப்புங்கள். இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரில் எல்0-வுக்கும் (செட்டின் நியூட்ரல் முனை) இரண்டு ஹாட் முனைகளுக்கும் 120, இரண்டு ஹாட்டுக்கும் நடுவே 240 வருகிறதா என்று அளந்துவிடுங்கள். 208 காட்டினால் செட் மூன்று ஃபேஸில் நிற்கிறது. எல்0-வையும் எர்த்தையும் இணைக்கும் செப்புப் பட்டை செட்டிலேயே இருக்கும். வீட்டு மெயின் பலகையில் நியூட்ரலும் எர்த்தும் ஏற்கெனவே சேர்ந்திருந்து, உங்கள் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் நியூட்ரலை மாற்றாத வகையென்றால், செட்டிலுள்ள பட்டையைக் கழற்ற வேண்டும். இதை எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் செய்யுங்கள்.

லோடு இல்லையென்றால் லோடு செய்துகொள்ளுங்கள்

மின்வெட்டின்போது இரவு முழுக்க 803ஏ-வை ஃபிரிட்ஜுக்காக ஓட்டாதீர்கள். மாலையில் மூன்று மணி நேரம் ஓட்டி, அந்த நேரத்தில் ஏசி, துணி உலர்த்தி, 4,500 வாட் வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். இரவுக்கு பேட்டரி இன்வெர்ட்டரோ சின்னப் பெட்ரோல் செட்டோ போதும்.

மின்வெட்டு இல்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் காலியாக ஓட்டுகிற பழக்கம் செட்டைக் கெடுக்கும். மாதம் ஒருமுறை, அரை மணிக்குக் குறையாமல், பாதி லோடுக்கு மேல். அதற்கு ஒரு 200 லிட்டர் இரும்பு டிரம் போதும். டிரம்மின் அடிப்பக்கம் துளையிட்டு 240 வோல்ட் 4,500 வாட் வாட்டர் ஹீட்டர் எலிமெண்ட் இரண்டைப் பூட்டுங்கள், மரை 1 அங்குல நேர் மரை. இரண்டும் சேர்ந்து 9 கிலோவாட், 803ஏ-வுக்கு 90 சதவீதம். ஒவ்வொன்றும் 18.75 ஆம்பியர் இழுக்கும், எனவே தனித்தனி 30 ஆம்பியர் பிரேக்கர், 10 கேஜ் செப்பு வயர். டிரம்மை எர்த் செய்யுங்கள். தண்ணீர் நிரப்பிய பிறகே பிரேக்கரைப் போடுங்கள். எலிமெண்ட் வெளியே தெரிந்தால் சில நொடியில் கருகிவிடும். ஓடும்போது தண்ணீரில் கைவைக்காதீர்கள்.

25 டிகிரித் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அதன் பிறகு மணிக்கு 14 லிட்டர் ஆவியாகும், அந்த அளவுக்கு ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஏலத்திலிருந்து வந்த செட் கறுப்பாகப் புகைந்தால் முதலில் ஒரு எலிமெண்ட், இருபது நிமிடம் கழித்து இரண்டாவது, பிறகு நாலைந்து மணி நேரம் விடாமல். முதல் ஒரு மணியில் புகை கூடும், சைலன்சரிலிருந்து தீப்பொறிகூடப் பறக்கலாம். உள்ளே படிந்தது எரிகிறது. அதனால் காய்ந்த புல்லுக்கும் மரச்சுவருக்கும் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். மூன்றாவது மணியில் புகைபோக்கி வாயில் வெள்ளைக் காகிதத்தைக் கம்பியில் மாட்டி ஒரு நொடி காட்டுங்கள். கறுப்புத் துளிகள் தெறித்தால் இன்னும் ஓட்டுங்கள். உலர்ந்த சாம்பல் நிறம் மட்டும் படிந்தால், லோடை எடுத்து ஐந்து நிமிடம் காலியாக ஓடவிட்டு நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் ஆயிலை வடித்துவிடுங்கள். அந்த ஆயிலில் டீசல் கலந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.